அறையில் இப்போது

"அறையில் இப்போது: ஒரு நபர்" என்று கணினி சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டே சூசைராஜ் அடுத்த பொத்தானுக்குப் போய்விட்டார். இரண்டு பொத்தான்கள் தாண்டிய பிறகுதான் விரல் நின்றது. எவருமில்லை என்றல்லவா அது சொல்லியிருக்க வேண்டும்?

வந்த வழியே திரும்பிப் போய் அந்த வரியை மறுபடி வாசிக்க வைத்தார். ஒரு நபர்.

வெளியே ஐப்பசி மழை மதியத்திலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தது. கொல்லைப்புறத் தகரக் கூரையில் அது விழும் சத்தம், சுவருக்குள் ஊறிய ஈரத்தின் வாடை, அடுப்படியில் பொங்கத் தொடங்கியிருந்த தோசை மாவின் புளித்த வாடை, தலைக்கு மேலே சுற்றுக்கு ஒருதரம் முனகும் மின்விசிறி என்று எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. மச்சுவாடியில் சந்தின் கடைசி வீடு அது. பக்கத்து மனையில் கருவேலஞ்செடிகள்தான் குடியிருந்தன. மனைவி பரிமளா, தங்கை மகளின் வளைகாப்புக்காகக் காலையிலேயே கறம்பக்குடிக்குப் போயிருந்தாள். நாளை முதல் பஸ்ஸில்தான் வருவாள்.

சூசைராஜுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும் மென்பொருளின் பெண்குரல்தான் அவருக்குக் கணினி. ஓயாமல் பேசுவதால் பரிமளா அந்தக் குரலுக்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தாள். நான்கு வருடங்களாக, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கும் சிறிய கம்பெனி செய்யும் இணையப் பக்கங்களைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது அவர் தொழில். மவுஸைத் தொடமாட்டார். விசைப்பலகையிலேயே ஒவ்வொரு பெட்டியாக, ஒவ்வொரு பொத்தானாக நடந்து போவார். எது பெயரில்லாமல் நிற்கிறது, எது அழுத்தினால் நகரவில்லை, எதற்குள் போனால் வெளியே வர முடியவில்லை என்று எழுதித் தருவார்.

இன்றைய பக்கம், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை நாளை காலை திறக்கவிருக்கும் வாசிப்பறையுடையது. பிள்ளைகள் வாசலில் அட்டையைக் காட்டி உள்ளே போனால் எண்ணிக்கை கூடும். வெளியே வந்தால் குறையும். பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவருக்கு, எண் மாறும்போதெல்லாம் குரல் தானாகவே அதைச் சொல்ல வேண்டும். இது சூசைராஜ் சண்டை போட்டு வாங்கிய வசதி. "கண்ணு இருக்கவன் திரையப் பாத்துக்கிருவான். எண் மாறுச்சுன்னு நம்ம புள்ளைகளுக்கு யாரு சொல்லுவா? அதுவாத்தான் சொல்லணும்" என்று அவர்தான் எழுதியிருந்தார்.

வாசிப்பறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அதற்குள் எப்படி ஒரு நபர்?

பக்கத்தை எழுதியவள் பிரகதீஸ்வரி. அவளைக் கைப்பேசியில் அழைத்தார்.

"எனக்கு எவருமில்லைன்னுதாண்ணே காட்டுது" என்றாள். "பழசு ஏதாச்சும் ஒங்க பிரவுசர்ல தங்கியிருக்கும். தொடச்சுட்டு மறுபடி தெறங்க."

"தொடச்சுட்டேன். வேற பிரவுசர்லயும் பாத்துட்டேன். அதேதான் சொல்லுது."

"அப்ப அந்த ஒருத்தர் நீங்கதாண்ணே" என்று சிரித்தாள். "இருங்க, பாத்துட்டுக் கூப்புடுறேன்."

அவரும் சிரித்தார். தேநீர் போடலாம் என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். முன்னறையிலிருந்து அடுப்படிக்கு எண்ணி ஏழே எட்டு வைக்க வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது முன்னறையில் வாயாடி பேசினாள்.

"அறையில் இப்போது: எவருமில்லை."

குழாயை மூடினார். பிரகதி சரிசெய்துவிட்டாள் என்று நினைத்துத் தேநீரை ஆற்றி எடுத்துக்கொண்டு திரும்பினார். முன்னறையின் வாசற்படியை வலது கால் தாண்டியது.

"அறையில் இப்போது: ஒரு நபர்."

தம்ளர் கையிலேயே இருந்தது. ஒரு அடி பின்வாங்கினார். இரண்டு மூச்சு விடும் நேரம்.

"அறையில் இப்போது: எவருமில்லை."

முன்னே. ஒரு நபர். பின்னே. எவருமில்லை. எட்டு முறை செய்து பார்த்தார். எட்டு முறையும் தப்பவில்லை. அவருக்குப் பயம் வரவில்லை. மாறாக ஒரு பரபரப்புதான் வந்தது. எத்தனை முறை செய்தாலும் அதேபோல் நடக்கும் பிழை சோதிப்பவனுக்குக் கிடைத்த வரம். என்ன செய்தால் என்ன நடக்கிறது என்று படிப்படியாக எழுதி பிரகதீஸ்வரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிடத்தில் அவளே அழைத்தாள்.

"அண்ணே, நீங்க எந்திரிச்சுப் போறது ஒரு பக்கத்துக்கு எப்புடிண்ணே தெரியும்? கேமரா தெறந்திருக்கா?"

"அதுமேல பரிமளா வாங்குன அன்னைக்கே பிளாஸ்திரி ஒட்டிட்டா. இன்னும் அப்புடியேதான் இருக்கு, தடவிப் பாத்துட்டேன்."

"மைக்கு?"

"அனுமதியே குடுக்கல."

அவள் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. நெடுநேரம் தட்டினாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டேண்ணே. எத்தனை பேருன்னு அஞ்சு செகண்டுக்கு ஒருதரம் கேட்டு வாங்குற டைமர் ஒண்ணு எழுதியிருந்தேன். பக்கத்துல ஒரு பகுதிய மூடினா அதுவும் நிக்கணும். நிக்கல. பழசும் ஓடுது, புதுசும் ஓடுது, ஒண்ணு இருக்குங்குது, ஒண்ணு இல்லைங்குது. நீங்க நடந்ததுக்கும் அதுக்கும் தற்செயலா ஒத்துப் போயிருக்கு. இப்ப எல்லாத்தயும் நிறுத்திட்டேன். பாருங்க."

எட்டு முறை தற்செயலா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. பக்கத்தைப் புதிதாகத் திறந்தார். "அறையில் இப்போது: எவருமில்லை" என்றாள் வாயாடி. எழுந்தார், உட்கார்ந்தார், அடுப்படிவரை போய் வந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

"சரியாப் போச்சும்மா" என்றார்.

அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை நன்றாகவே ஓடியது. தேதி எடுக்கும் பெட்டிக்குள் போனால் வெளியே வர முடியாமல் விசை உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது; அதை எழுதினார். பெயரில்லாத பொத்தான்கள் இரண்டைக் கண்டுபிடித்தார். ஆனாலும் நாற்காலியில் அவர் உடம்பு ஒழுங்காகப் படியவில்லை. முதுகை அடிக்கடி நகர்த்திக்கொண்டார். பின்னங்கழுத்தைத் தடவிக்கொண்டார். மின்விசிறிக் காற்று எப்போதும் படுவதுபோல் இடது தோளில் படவில்லை என்று தோன்றியது; ஏதோ குறுக்கே இருந்து அதைக் கொஞ்சம் குடித்துக்கொள்வதுபோல.

ஐந்தரை மணிக்குப் பரிமளா பேசினாள். பின்னால் பெண்களின் சிரிப்பும் வளையல் சத்தமும் கேட்டன.

"மாவு பொங்கி வழிஞ்சிரப் போகுது, எடுத்து உள்ள வைங்க. சாப்புட்டீங்களா?"

"ஆச்சு. காலையில நீ போறப்ப வாசக்கதவு யாரு சாத்துனா?"

"நாந்தான் இழுத்துச் சாத்திட்டுப் போனேன். நீங்க உள்ள தாப்பாப் போடலையா? குளிச்சிக்கிட்டு இருந்தீங்களே, சத்தம் குடுத்துட்டுத்தானே போனேன்."

அவர் யோசித்தார். குளித்துவிட்டு வந்து உடனே போடவில்லை. சாப்பிட்ட பிறகு, மழை தொடங்கியபோதுதான் போட்டார். நடுவில் நான்கைந்து மணி நேரம் இருக்கும்.

"என்ன, பேச்சையே காணோம்?"

"போட்டேன், போட்டேன். நீ காலையில பாத்து வா."

எழுந்து போய் வாசற்கதவைத் தடவிப் பார்த்தார். மேல்தாழ்ப்பாள் போட்டபடிதான் இருந்தது. பழைய இரும்புத் தாழ்ப்பாள்; மழைக்கு வியர்த்திருந்தது. கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினார்.

ஆறு மணி சுமாருக்கு மின்விசிறி முனகலை நீட்டி, மெலிந்து, நின்றது. அடுப்படியில் குளிர்பெட்டி ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது. இணையத்துக்கான பெட்டி அலமாரித் தட்டில் ஒருமுறை கீச்சிட்டு அணைந்தது. மின்தடை. மடிக்கணினி மட்டும் தன் மின்கலத்தில் ஓடியது. மழையும் சொல்லி வைத்தாற்போல் குறைந்து, தகரத்தின் விளிம்பிலிருந்து சொட்டும் துளிகள் மட்டும் கேட்டன. வீடு முழுவதும் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஓர் அமைதி.

அந்த அமைதிக்குள் வாயாடி பேசினாள்.

"அறையில் இப்போது: இரண்டு நபர்கள்."

சூசைராஜ் அசையவில்லை. விரல்கள் விசைகளின் மேலேயே கிடந்தன.

அவர் மனம் பழக்கப்பட்ட வழியிலேயே முதலில் ஓடியது. இணையம் இல்லை. இணையம் இல்லாமல் அந்த எண் மாற வழியில்லை. பக்கம் யாரிடமும் எதையும் கேட்க முடியாது; யாரும் அதற்கு எதையும் சொல்ல முடியாது. டைமர்களையெல்லாம் நிறுத்தியாயிற்று. அப்படியென்றால் அந்த இரண்டு எங்கிருந்து வந்தது?

பிறகு மூக்கு வேலை செய்தது. மாவின் புளிப்பு, ஈரச் சுண்ணாம்பு, ஆறிப்போன தேநீர். அவற்றுக்கு அடியில், மெல்லிசாக, வெகுநாள் தண்ணீரில் கிடந்து வெயில் படாத துணியின் வாடை. பரிமளா துணியை ஊறவைத்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் கொல்லை பின்பக்கம். இந்த வாடை இடது பக்கத்திலிருந்து வந்தது. பீரோ இருக்கும் பக்கம்.

"யாரு?" என்றார்.

சொட்டு. சொட்டு.

நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அடுப்படியில் அரிவாள்மனை இருக்கிறது, கொல்லைக்கதவு இருக்கிறது என்று நினைத்தார். ஏழு எட்டு. நான்காவது எட்டில், இடது முழங்கையில் குளிர்ந்த காற்று ஒன்று தொட்டதுபோல் இருந்தது. நிற்காமல் போனார். அடுப்படி மேடையின் கல் கைக்கு வந்ததும்தான் மூச்சு விட்டார். யாராவது திருடனாக இருந்தால் இந்நேரம் ஓடியிருப்பான், அல்லது அடித்திருப்பான். எதுவும் இல்லை. ஒன்றும் இல்லாததற்குப் பயந்து ஓடி வந்திருக்கிறோம் என்று தன்னையே கடிந்துகொள்ள வாயெடுத்தார்.

முன்னறையில் வாயாடி நிதானமாகச் சொன்னாள்.

"அறையில் இப்போது: ஒரு நபர்."

அவர் அறையில் இல்லை.

மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை வேறு எந்த விதமாகவாவது புரிந்துகொள்ள முடியுமா என்று மனம் தவித்தது. முடியவில்லை. அவர் வெளியே வந்ததும் இரண்டில் ஒன்று குறைந்தது. மிச்சம் ஒன்று உள்ளே இருக்கிறது.

கொல்லைக்கதவைத் திறந்து வெளியே போகலாம். போனால் தகரக் கூரை, குளியலறை, ஆள் உயர மதில். அதற்கு வெளியே கருவேலங்காடு. கத்தினால் கேட்க அங்கே யாரும் இல்லை. தெருவுக்குப் போகும் வழி முன்னறைக்குள்தான். கைப்பேசியும் அங்கேதான் இருக்கிறது. கணினிக்கு வலதுபுறம், ஒரு சாண் தள்ளி.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. வாயாடி மறுபடி பேசவில்லை. எண் மாறினால்தான் அவள் பேசுவாள். அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார். அவள் பேசாமல் இருக்கும்வரை உள்ளே இருப்பது உள்ளேயேதான் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியில் போனார். கையில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, எடுக்கத் தோன்றவில்லை. படியைத் தாண்டியதும் குரல் வந்தது.

"அறையில் இப்போது: இரண்டு நபர்கள்."

மேசைவரை வந்து, உட்காராமல், விசைகளைத் தேடினார். பக்கத்தை மூடினார். பிரவுசரையே மூடினார். "முகப்புத் திரை" என்றாள் வாயாடி. இனி வாசிக்க எந்தப் பக்கமும் இல்லை. அவ்வளவுதான். எல்லாப் பிழைக்கும் கடைசி மருந்து அதுதான், மூடிவிட்டால் முடிந்தது.

"அறையில் இப்போது: இரண்டு நபர்கள்."

எண் மாறாமலே சொன்னாள். மறந்துபோன ஒருவருக்கு நினைவூட்டுவதுபோல.

சூசைராஜ் அவளையே அணைத்தார். மூன்று விசைகள் சேர்த்து அழுத்தினால் குரல் நின்றுவிடும். நின்றது.

அப்போதுதான் தான் செய்த தவறு புரிந்தது. இவ்வளவு நேரமும் எத்தனை பேர் என்றாவது தெரிந்துகொண்டிருந்தது. இனி அதுவும் தெரியாது.

சொட்டு.

நாக்கை மேலண்ணத்தில் தட்டி மெல்லிய ஒலி எழுப்பினார். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் அவருக்கு அறைகள் தெரியும். ஒலி எதன் மேல் பட்டுத் திரும்புகிறதோ அதன் குணத்தை எடுத்துக்கொண்டு வரும். வலதுபுறம் தட்டினார். ஜன்னல் கண்ணாடி, பளிச்சென்று திரும்பியது. எதிரே சுவர், கட்டையாக. இடதுபுறம் பீரோ, இரும்புக்கே உரிய சிறு அதிர்வோடு. பீரோவுக்கும் அடுப்படி வாசலுக்கும் நடுவே உள்ள மூலை. வெறும் சுவர் மூலை. ஒலி அங்கேதான் கூர்மையாகத் திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை. அமுங்கிப் போனது. கொடியில் தொங்கும் ஈரப் போர்வையில் பட்டதுபோல. ஒரு ஆள் உயரத்துக்கு.

கைப்பேசி மணியடித்தது. அவர் உடம்பு தூக்கிப் போட்டது. மேசையைத் துழாவி எடுத்தார். பிரகதீஸ்வரி.

"அண்ணே, மத்த ரெண்டு பிழையும் சரி பண்ணிட்டேன். நம்ம பக்கத்த இப்போதைக்கு சர்வர்லேருந்து இறக்கி வச்சிருக்கேன், காலையிலதான் ஏத்துவேன். அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்."

"எப்ப எறக்குன?"

"அஞ்சரைக்கே. ஏண்ணே, ஒரு மாதிரி பேசுறீங்க?"

"பிரகதி." குரலைத் தாழ்த்தினார். "வீடியோவுல வாம்மா. எனக்கு இந்த அறையப் பாத்துச் சொல்லு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. நான்கு வருடத்தில் அவர் ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை. அழைப்பு மாறியது. கைப்பேசியை நெஞ்சுக்கு நேராக நீட்டிப் பிடித்தார்.

"ஒண்ணுமே தெரியலண்ணே. ஒரே இருட்டு."

இருட்டு. அது அவருக்குத் தோன்றவே இல்லை. கைப்பேசியின் விளக்கைப் போட்டுக்கொண்டார். மெல்ல இடதுபக்கம் திரும்பினார்.

"சொல்லு."

"மேசை தெரியுது. நாற்காலி. காலண்டர் ஒண்ணு. பீரோ." அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இன்னுங் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்புங்க. சரி. மூலை."

"மூலையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. வெறும் செவுரு. அடியில மட்டும் ஈரங் கோத்திருக்கு, மழைக்கு. அவ்வளவுதான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேண்ணே. யாருமில்ல. ஒங்களத் தவிர யாருமில்ல."

கண் உள்ளவர்கள் சொல்வதை நம்பித்தான் சூசைராஜ் இத்தனை வருடம் தெருவைக் கடந்திருக்கிறார். வண்டி வரவில்லை என்றால் இறங்குவார், படி இருக்கிறது என்றால் காலைத் தூக்குவார். அவள் சொன்னது காதில் விழுந்ததும் தோள்கள் தாமாகவே தளர்ந்தன. ஆனால் உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன மாதம் ஒரு பக்கத்தில், எத்தனை தரம் அழுத்தினாலும் பொத்தான் வேலை செய்யவில்லை என்று கம்பெனியே மண்டையை உடைத்துக்கொண்டது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எல்லோரும் திரையைப் பார்த்துச் சொன்னார்கள். நிறமில்லாத பெட்டி ஒன்று பொத்தானுக்கு மேலே படுத்துக்கொண்டு, வந்த அழுத்தத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாதது என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை. வாயாடிதான் அதை வாசித்துக் காட்டினாள். இவர்தான் கண்டுபிடித்தார்.

நாக்கைத் தட்டினார். மூலையை நோக்கி.

ஒலி கூர்மையாகத் திரும்பியது. வெறும் சுவர்.

ஒரு கணம் நிம்மதி. மறுகணம் விளங்கியது. மூலை இப்போது காலியாக இருக்கிறது. சற்று முன் காலியாக இல்லை.

சுற்றிலும் தட்டினார். பீரோ. ஜன்னல். மேசை. எங்கே? வாய் உலர்ந்துவிட்டது, ஒலி சரியாக எழும்பவில்லை. ஈரத்துணி வாடை மட்டும் இப்போது எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

"அண்ணே, ஏன் இப்புடி மூச்சு வாங்குது ஒங்களுக்கு? வெளிய வந்துருங்கண்ணே. நான் வண்டிய எடுத்துக்கிட்டு இப்பவே வாரேன். பத்து நிமிசம். நீங்க தெருவுல நில்லுங்க."

"வாரேன்."

"போனை முன்னாடி காட்டியே புடிச்சுக்கங்க. நான் வழி சொல்றேன்."

தன் சொந்த அறையில் ஒருவர் வழி சொல்லி நடப்பது அவருக்கு இதுவே முதல்முறை. ஆனாலும் வேண்டியிருந்தது. அந்தக் குரலை ஒரு கயிறுபோலப் பிடித்துக்கொண்டார்.

"நேரா வாங்க. கீழ ஒண்ணுமில்ல."

ஒரு எட்டு.

"இன்னும் வாங்க."

இரண்டு. தரை சில்லென்றிருந்தது. மூன்றாவது எட்டில் உள்ளங்கால் தண்ணீரில் பட்டது. கொஞ்சம் தண்ணீர். வெதுவெதுப்பாக.

"பிரகதி, கீழ தண்ணி கெடக்கா?"

"இல்லண்ணே. காஞ்சுதான் இருக்கு. வாங்க."

நான்கு.

"கதவுகிட்ட வந்துட்டீங்க. முன்னாடி கதவு மட்டுந்தான் இருக்கு. கைய நீட்டுங்க."

கையை நீட்டினார். மரம் தட்டுப்பட்டது. மழைக்கு ஊறி உப்பிய பழைய மரம், அவருக்குத் தெரிந்த கீறல். சந்தின் தெருவோரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் தெரு.

"இன்னும் மேலண்ணே. மேலதான் தாப்பா."

கை மரத்தின் மேலேயே ஊர்ந்து ஏறியது. கீறல். ஆணி. அதற்கு மேலே.

இரும்பு இல்லை.

விரல்கள்.

நான்கும் ஒரு கட்டைவிரலும். அவருடையவற்றைவிடச் சிறியவை. நாள்பட்டுத் தண்ணீரில் கிடந்ததுபோல் தோல் சுருங்கி, நகங்கள் மெத்தென்றிருந்தன. அவை தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்திருந்தன, அவர் வருவார் என்று காத்திருந்தவைபோல.

அவரால் கத்த முடியவில்லை. கையை எடுக்க முடியவில்லை.

"அதேதாண்ணே" என்றாள் பிரகதீஸ்வரி. அவள் குரலில் நிம்மதி தெரிந்தது. "தாப்பாவப் புடிச்சுட்டீங்க. அப்புடியே இழுங்க."

அவர் உள்ளங்கைக்குள் அந்த விரல்கள் இரும்பை விட்டன. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், மேல்நோக்கித் திரும்பின. அவருடைய விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக நுழைந்து, மடங்கி, இறுகின.